லைசன்ஸ் எடுத்தது என் வலது கால்

வாகனம் பழக்குகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாருக்கும், இந்த முறை முதன்முதலாக வந்திருக்கிற அந்த ஒரே தங்கச்சிக்கும் ஸலாம். அண்ணனிடம் கேட்பதைப் போல, அனுபவத்தை எழுதித் தாங்க காக்கா என்று கேட்டீர்கள். இருபத்தேழு வருஷத்தில் எழுதக்கூடியது நாலைந்துதான் தேறும். மற்றதெல்லாம் நான் கத்தின கத்தல். அந்த நாலைந்தில் ஆகவும் வெட்கமானதை எடுத்திருக்கிறேன். கெட்டித்தனமானதையெல்லாம் மனைவியிடம் சொல்லித் தீர்த்துவிட்டேன். அவவும் நம்பவில்லை.

முதலில் முழங்கால். நான் ஐம்பத்திமூன்று வயதில் வேலையை விட்டதற்குக் காரணம் என் வலது முழங்கால். படம் எடுத்துப் பார்த்த டொக்டர் கேட்டார்:

"காக்கா, சின்ன வயசில ஃபுட்போல் விளையாடினீங்களா?"

"இல்ல டொக்டர். பிரேக் அடிச்சது."

"யார்ட பிரேக்?"

"மத்தவங்கட."

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு யோசித்துப் பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. மற்றவர்கள் அடிக்க வேண்டிய பிரேக்கை இருபத்தேழு வருஷம் நான் அடித்திருக்கிறேன்.

நம்முடைய காரில் இடது பக்கச் சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. அதுதான் நமக்குச் சோறு போடுவது. அது இருக்கிற துணிவில், ஜும்ஆ முடிந்து சனம் கலைகிற நேரம் பசாருக்குள்ளேயும் பழக்கியிருக்கிறேன். ஆடு, ஓட்டோ, மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள், எது குறுக்கே வந்தாலும் ஓடப் பழகுகிற பிள்ளை காண முன்னம் என் கால் கண்டுவிடும். "மாஸ்டருக்குக் காலிலயும் கண்" என்று கல்முனைக்குடியில் ஒரு கதை இருந்தது. அந்தக் கதையைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

இனி றிஸ்னாவிடம் வருகிறேன்.

றிஸ்னாவுக்குப் பதினெட்டு முடிந்த கிழமையே அவளுடைய வாப்பா கூட்டிக்கொண்டு வந்தார். புடவைக்கடை ஹாஜியார். கடை இங்கே, வயல் பாலம் தாண்டிச் சவளக்கடை ஊரில். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கண்ணுக்கு ஏறி, இரண்டு வருஷமாக அவருக்கு வாகனம் ஓட்ட ஏலாது. மூத்த மகனுக்குக் கட்டாரில் வேலை. வீட்டு முற்றத்தில் அவருடைய வான் வண்டி சும்மா நின்றது. அறுவடை நேரம் வயலுக்குப் போக ஹாஜியார் யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தொங்க வேண்டியிருந்தது. றிஸ்னா தானாகக் கேட்டாள்: "வாப்பா, நான் வானை ஓடட்டா?"

கட்டாரிலிருந்து மகன் சத்தம் போட்டான். பொம்பிளைப் பிள்ளைக்கு ஸ்டீரிங் எதற்கு, நான் ஒரு ட்ரைவரைப் பிடித்துத் தருகிறேன் என்றான். ட்ரைவர் வரவில்லை. மாதாமாதம் வாக்குத்தான் வந்தது. ஹாஜியார் மகளை என்னிடம் விட்டார்.

நல்ல பிள்ளை. கியர் மாற்றினால் பால் ஊற்றுவதைப் போல இருக்கும். கண்ணாடி பார்க்கச் சொன்னால் பார்ப்பாள், சிக்னல் போடச் சொன்னால் போடுவாள். ட்ரையலில், அந்த ஓடிக்காட்டுகிற சோதனையில், முதல் தடவையே பாஸ். ட்ரையல் ஓடிய பாதையில் அன்றைக்கு ஒரு கோழி கூட குறுக்கே வரவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. "என்ட கையால போன புள்ள" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

நம்முடைய ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை லைசன்ஸ் எடுத்தால் வீடு முழுக்க ஏறித்தான் முதல் பயணம். சோறு சமைத்து, இனிப்புச் செய்து, குடும்பத்தையே வாகனத்துக்குள் அடைத்து, நேற்று வரைக்கும் தனியாக ஓடிப் பார்க்காத பிள்ளையின் தலையில் அத்தனை பேருடைய உயிரையும் வைத்துவிட்டு, "மாஷா அல்லாஹ், என்ன வடிவா ஓடுறா!" என்போம். ஹாஜியார் வீட்டிலும் அதேதான். சவளக்கடை வயலில் அறுவடை, அங்கே மரத்தடியில் எல்லாருமாகச் சாப்பிடுவது, மாஸ்டரும் வர வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது வானுக்குள் றிஸ்னாவின் உம்மா, உம்மாவின் தங்கச்சியான சாச்சி, அக்காவான ராத்தா, ராத்தாவின் மடியில் கைக்குழந்தை, நடுச்சீட்டில் ஹாஜியார். சோற்றுச் சட்டி பின்னால். முன் சீட் எனக்கு. அந்தச் சீட்டின் காலடியில் கருப்பட்டி போட்டு அவித்த வட்டிலப்பச் சட்டி, தாள் போட்டு மூடி, நூல் கட்டி.

"மாஸ்டர், பார்த்துக் காலை வைங்க," என்றா சாச்சி. "அஞ்சு தேங்காப் பால்."

றிஸ்னா என்னைப் பார்த்தாள். பிறகு சத்தம் தாழ்த்திக் கதைத்தாள்:

"மாஸ்டர், இவ்வளவு பேரோடயா? இண்டைக்கு ஏதும் பிழைச்சா வாப்பா சாவிய மறுகா தரமாட்டாரு. கட்டார்க் காக்காவும் அதுக்குத்தான் பார்த்துக்கிட்டு இரிக்காரு."

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை. வானிலிருந்து இறங்கி, "ஹாஜியார், முதல் நாள் புள்ளையும் நீங்களும் போதும், மத்தவங்க ஓட்டோவில வாங்க," என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் சாச்சி கோபித்திருப்பா, அவ்வளவுதான். ஆனால் பிள்ளை என்னைப் பார்த்தாள், நான் வட்டிலப்பத்தைப் பார்த்தேன்.

"ஒண்டும் ஆகா மகள்," என்றேன். "நான் பக்கத்தில இரிக்கன்தானே."

இந்தச் சொல்லை மட்டும் நீங்கள் ஒரு பிள்ளைக்கும் சொல்லிவிடாதீர்கள்.

ஹாஜியார் இடுப்பு வாரின் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். "பிஸ்மில்லாஹ்" என்று வான் கிளம்பியது. கிட்டங்கிப் பாலம் வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கூட என் கையைத் தொடையில் வைத்து, பெரிய மனிதரைப் போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கத்து ரோட்டில் பாதி நமக்கு, பாதி நெல்லுக்கு. நம்முடைய இடது பக்கத்தில் நீளத்துக்குப் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். யாரும் ஏற்றிவிடக்கூடாதென்று ஓரத்தில் கல் அடுக்கியிருந்தது. ஒரு மனிதர் கால்களால் நெல்லைக் கிண்டிக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டி நடந்து போனார். எதிரே தூரத்தில் ஒரு பஸ் வந்தது.

தடை நம் பக்கத்தில் இருக்கிறது. நெல்லுக்குப் பின்னால் நின்று பஸ்ஸைப் போக விட வேண்டியது நாம். இது றிஸ்னாவுக்கு வாய்ப்பாடம். கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள்.

அந்த நேரம் பார்த்து பின்னாலிருந்து சாச்சி போனை நீட்டினா. கட்டாருக்கு வீடியோ கோல்.

"மகன், இஞ்ச பாருங்க, தங்கச்சி ஓடுறா!"

"எங்க? காட்டுங்க. றிஸ்னா! டியே, இஞ்ச பாருடி, கை காட்டு!"

அவள் பார்த்தாள். கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். திரும்பிப் பார்த்தபோது பஸ் பெரிதாகியிருந்தது, கல் கிட்ட வந்திருந்தது, அந்த மனிதரின் முதுகும் கிட்ட வந்திருந்தது.

என் கால் கண்டுவிட்டது. எப்போதும் போலப் பாய்ந்தது. முழுப் பலத்தோடு மிதித்தேன்.

அங்கே பிரேக் இல்லை. ஹாஜியாரின் வானில் என் பக்கம் பிரேக் எப்படி இருக்கும்? என் வலது கால் தாளைக் கிழித்துக்கொண்டு வட்டிலப்பத்துக்குள் கணுக்கால் வரைக்கும் இறங்கியது. வான் நிற்கவில்லை. ஆகவே இன்னும் பலமாக மிதித்தேன். இத்தனை வருஷ அனுபவமுள்ள மனிதன், வட்டிலப்பத்தை மிதித்து மிதித்து வானை நிறுத்தப் பார்த்தேன். வாய் "பிரேக்!" என்று சொல்ல வேண்டும். என் வாய் சொன்னது "உம்மா!"

"என்ன மகன்?" என்று கேட்டா பின்சீட்டிலிருந்த றிஸ்னாவின் உம்மா.

றிஸ்னாவின் கால் அப்போதுதான் பிரேக்குக்குப் போனது. பிந்திப் போனதால் பலமாகப் போனது. வானின் இடது சில்லுகள் கல்லைத் தட்டிக்கொண்டு படங்கின் மேல் ஏறின. காய்ந்த நெல்லின் மேல் பிரேக் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? உருளும். வான் சறுக்கிக்கொண்டு போனது. அந்த மனிதர் சத்தம் கேட்டுத் திரும்பி, ஓரத்து வாய்க்காலுக்குள் பாய்ந்தார். பஸ் வலது பக்கக் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது. வான் நின்றபோது, அவர் கிண்டிக்கொண்டிருந்த இடத்தில் நின்றது.

கைக்குழந்தை அழுதது. அழட்டும், அழுகிற சத்தம் அப்போது எனக்கு அல்ஹம்துலில்லாஹ் என்று கேட்டது.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். வாய்க்காலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற மனிதர் என் காலைப் பார்த்துப் பதறிவிட்டார். முழங்காலுக்குக் கீழே மண்ணிறமாக என்னவோ வடிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, ஆளுக்கு அடிபட்டிட்டு! கால் போயிட்டுது போல!"

"இது வட்டிலப்பம்," என்றேன்.

அவர் வாய்க்கால் கரையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீங்கதான் ஓடினீங்களா?"

"இல்ல. நான் பழக்கிற மாஸ்டர்."

"அப்ப சரி," என்றார். அந்த "அப்ப சரி"யை இன்றைக்கும் என்னால் விழுங்க ஏலவில்லை.

அவர் சவளக்கடைக்காரர், ஐம்பதுக்கு மேல் வயசு. ஏறி வந்து, ஸ்டீரிங்கை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த றிஸ்னாவிடம் போனார்.

"தங்கச்சி, இறங்கு. பயப்படாத. நெல்லு சிந்தினா அள்ளலாம். நான் சிந்தியிருந்தா அள்ள ஏலாது. அதை மட்டும் மனசில வை."

எல்லாரும் இறங்கி நெல் அள்ளினோம். உம்மா, சாச்சி, ராத்தா, வட்டிலப்பக் காலோடு நான். றிஸ்னா எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கையால் கூட்டினாள். தலை நிமிரவில்லை.

"ஏன் மகள் பிரேக்குக்கு இவ்வளவு சுணங்கின?"

"தெரியா மாஸ்டர்." இன்னொரு கை நெல் கூட்டினாள். "நீங்க அடிப்பீங்க எண்டு இரிந்தன்."

அவ்வளவுதான் சொன்னாள். மூன்று மாதம் இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ஆடு வந்தால் வாகனம் தானாக நின்றது. ஓட்டோ திரும்பினால் வாகனம் தானாக நின்றது. ஆபத்து வந்தால் தான் செய்ய வேண்டியது காத்திருப்பது என்று நான்தான் பழக்கியிருக்கிறேன். லைசன்ஸில் இருந்த படம் அவளுடையது. லைசன்ஸ் எடுத்த கால் என்னுடையது.

வானுக்குள் எங்கேயோ விழுந்து கிடந்த போனிலிருந்து கட்டார் கதைத்துக்கொண்டே இருந்தது. "ஹலோ? ஏன் இருட்டா இரிக்கி? அடிச்சிட்டாளா? நான் சொன்னன்தானே! வாப்பா, சாவிய எடுங்க! முதல்ல சாவிய எடுங்க!"

ஹாஜியார் போய்ச் சாவியைக் கழற்றினார். இடுப்பு வாரின் பையைத் திறந்தபடி என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், எனக்கிட்ட கண் இல்ல. என்ன நடந்த எண்டு வடிவாத் தெரியா. நீங்க பார்த்தீங்க. உண்மையச் சொல்லுங்க. இவளுக்கு ஓட ஏலுமா, ஏலாதா?"

"வாப்பா, என்ட பிழைதான்," என்றாள் றிஸ்னா. "போனைப் பார்த்திட்டன்."

பாருங்கள், அவளே எனக்கு வழி திறந்து தந்துவிட்டாள். "ஓம் ஹாஜியார், புள்ள பதறிட்டா" என்று சொன்னால் முடிந்தது. என் பெயர் தப்பும், சாவி வாருக்குள் போகும், மகன் கட்டாரில் வென்றுவிடுவான். "ஏலும்" என்று சொன்னாலும் முடிந்தது. ஆனால் அடுத்த தடவை வாய்க்கால் இல்லாத இடத்தில் இன்னொரு முதுகு நிற்கும். கூச்சமில்லாமல் சொல்கிறேன், பஸ் வந்தபோது பயந்ததை விட அதிகமாகப் பயந்தேன்.

"ஹாஜியார், இண்டைக்கு இவக்கு ஏலா," என்றேன். றிஸ்னாவின் கையிலிருந்த நெல் கொட்டியது. "அது இவட குறையில்ல. என்ட குறை. இவ அடிக்க வேண்டிய பிரேக்கையெல்லாம் நான் அடிச்சிட்டன். ஓடத் தெரியும், நிப்பாட்டத் தெரியா. சாவியப் பூட்டி வெச்சா இவ ஒருநாளும் பழக மாட்டா. எனக்குப் பத்து நாள் தாங்க. நீங்க முன் சீட்டில, நான் இவக்குப் பின்னால. வேற ஒரு ஆளும் ஏறக்கூடா. போனும் ஏறக்கூடா. பத்தாம் நாள் நீங்களே முடிவு எடுங்க."

"இவள் ஏலாத ஆள் எண்டு சொல்லிட்டு, மறுகா இவளையே ஓடச் சொல்றீங்க?"

"ஓம்."

வாய்க்கால்காரர் நடுவில் வந்தார்.

"ஹாஜியார், குடுத்துப் பாருங்க. ஆனா இந்தப் பத்து நாளும் எந்த நேரம் வருவீங்க எண்டு எனக்குச் சொல்லிட்டு வாங்க." பிறகு சட்டியை எட்டிப் பார்த்தார். "இதில கால் படாத பக்கம் இரிக்கா?"

சாச்சி வெடித்துச் சிரித்தா. பிறகு எல்லாரும். ஹாஜியாரும் சிரித்தார். ஆனால் சாவியைக் கொடுக்கவில்லை. வானை அன்றைக்கு நான்தான் திருப்பிக் கொண்டு வந்தேன். பிரேக் எல்லாம் தேங்காய்ப் பால்.

அடுத்த நாள் காலையில் ஹாஜியார் வார்ப்பையைத் திறந்து சாவியைக் கொடுத்தார். "பத்து நாள்," என்றார். வீடு வந்து சேர்ந்ததும் கையை நீட்டினார், றிஸ்னா சாவியைக் கையில் வைத்தாள், அது வாருக்குள் போனது. ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

அந்தப் பத்து நாளில் நான் புதிதாக ஒன்றும் பழக்கவில்லை. என் காலைப் பிடித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். முன்னால் என்ன தெரிகிறது என்று அவளை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். "ஆடு நிக்கிது. கட்டின ஆடா தெரியா. காலை எடுக்கன்." "பள்ளிக்கூடம் விடுற நேரம். மெதுவாப் போறன்." நெல், மணல், மழைத் தண்ணீர் என்றால் அதன் மேல் ஏறிய பிறகல்ல, ஏற முன்னமே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை அவள் நெல்லில் சறுக்கிய அந்த ஒரு நாளிலேயே படித்துவிட்டாள். ஹாஜியாரைப் போல ஒரு நல்ல முன்சீட்டுக்காரரை நான் கண்டதில்லை. கண் மங்கல் என்பதால் அவர் ஒன்றுக்கும் பதறமாட்டார். எல்லாப் பதற்றமும் பின் சீட்டில்தான்.

பத்தாம் நாள் வயலிலிருந்து திரும்புகிறோம். அதே ரோட்டில் இன்னொரு இடம், நம் பக்கம் நெல். எதிரே உழவு மிஷின் ஒன்று மூடை ஏற்றின பின்பெட்டியை இழுத்துக்கொண்டு ஆடி ஆடி வருகிறது. தூரம் நிறைய இருந்தது. றிஸ்னா காலை எடுத்தாள். நெல்லுக்கு நல்ல முன்னாலேயே வானை நிறுத்தினாள்.

பின்னால் வந்த லொறி ஹோன் அடித்தது. விட்டு விட்டு அடித்தது. பிறகு விடாமல் அடித்தது. லொறிக்காரர் தலையை நீட்டி, "போங்க தங்கச்சி! இதில பஸ்ஸே போகும்! நித்திரையா?" என்று கத்தினார்.

நான் ஹோனுக்குப் பயந்த ஆள். வேலை முழுக்க எல் போட் மாட்டின காரில் ஏச்சு வாங்கின காதுதானே. எட்டிப் பார்த்தேன், போகலாம் போலத்தான் இருந்தது.

"மகள், இடம் இரிக்கி. கெதியாப் போ, போ."

அவள் அசையவில்லை. "மிஷினுக்குப் பின்னால என்ன இரிக்கி எண்டு தெரியல்ல மாஸ்டர்."

சொல்லி வாய் மூடவில்லை. மிஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் முந்திக்கொண்டு வெளியே வந்தது. புருஷன், பெண்சாதி, நடுவில் ஒரு பிள்ளை. நான் "போ" என்று சொன்ன அந்த இடத்தால், வானுக்கு ஒரு முழம் தள்ளிப் போனார்கள். பிள்ளை எங்களுக்குக் கை காட்டியது.

லொறிக்காரர் ஹோனிலிருந்து கையை எடுத்தார்.

றிஸ்னா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"மாஸ்டர், காலை எடுங்க. முதுகு நோகுது."

அப்போதுதான் பார்த்தேன். நின்ற வானில், அவளுடைய சீட்டின் முதுகில், என் வலது கால் முழுப் பலத்தோடு பிரேக் அடித்துக்கொண்டிருந்தது.

இதைத்தான் உங்களுக்கு எழுத நினைத்தேன். கடைசிப் பத்துப் பாடத்துக்கு உங்கள் காலைச் சீட்டுக்குக் கீழே மடித்து வையுங்கள். உயிர் போகிற இடத்தில் அடியுங்கள். மானம் போகிற இடத்தில் அடிக்காதீர்கள். அடித்தால், ஏன் அடித்தீர்கள் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது வாகனத்தின் குணம் என்று நினைத்துக்கொள்ளும். லைசன்ஸ் கிடைத்த அன்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, முதல் சில மாதத்துக்கு நிறைய ஆள் ஏற்றவேண்டாம், ஓடும்போது போனை முகத்துக்கு நீட்டவேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். பிள்ளை சொன்னால் மரியாதை இல்லை என்பார்கள். நீங்கள் சொன்னால் சாச்சிமார் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். பின்னால் ஹோன் அடிக்கிறவர் முன்னால் இருப்பதைக் காணவில்லை என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கிற மாஸ்டருக்கும் சில நேரம் கண் தெரியாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்றைக்கு வான் முற்றத்தில் வந்து நின்றது. றிஸ்னா எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, வழக்கம் போல வாப்பாவின் பக்கம் நீட்டினாள். ஹாஜியார் வார்ப்பையைத் திறக்கவில்லை. கதவைத் தடவித் திறந்து இறங்கினார்.

"நாளைக்குச் சுபஹுத் தொழுகையோட போகணும் மகள்," என்றார். "மாஸ்டரை எழுப்பாத."

நானும் இறங்கினேன். முழங்கால் நோகவில்லை என்று எழுதத்தான் ஆசை. நொந்தது. பத்து நாளும் பின் சீட்டிலிருந்து அத்தனை பிரேக் அடித்திருக்கிறேன்.